சண்டை நடுவில் பாப்பா அழுதால்?

இந்த நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

இன்று கேளம்பாக்கத்தில் வீடியோ கேம் கடைக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் அந்த டிராகன் வேட்டை விளையாட்டு இருந்தது, ஆனால் முழு விலைக்கு.

இடுப்பில் பாப்பாவோடு நின்ற என்னைக் கடைக்காரர் கேட்டார்: "வூட்ல பெரிய பையன் கீறானாக்கா?"

"இல்லண்ணா, இவ ஒருத்திதான். விளையாடப் போறது நான்."

ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இன்னாக்கா அவசரம்? தீபாவளி வரிக்கும் கம்முனு இரேன். பாதி வெலைக்கு வந்துடும்."

தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு சொன்ன யோசனை. நியாயமானதும்கூட. ஆனால் தீபாவளிக்குள் என் பிரசவ விடுப்பு முடிந்துவிடும். அப்புறம் ஆபீஸ், வீடு, பாப்பா. விலை பாதியாகும்போது எனக்கு நேரமே இருக்காது. அதனால் முழு விலை கொடுக்கத் துணிந்துவிட்டேன்.

"சரிண்ணா, சண்டை நடுவுல பாப்பா அழுதா அப்படியே நிறுத்தி வைக்க முடியுமா?"

"இத்த யாரும் கேட்டதே இல்லியேக்கா" என்று தலையைச் சொறிந்தார்.

விமர்சனங்களையும் தேடிப் படித்துவிட்டேன். டிராகனின் செதில் மின்னும் அழகைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நடுவில் நிறுத்துவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதியவர் ஒருவருக்கும் கைக்குழந்தை இல்லை போலிருக்கிறது.

நிறுத்த முடியும் என்றால் வாங்குவேன், முடியாது என்றால் மாட்டேன். நாளை மதியம் வரை கடைக்காரர் எனக்காக ஒன்றை எடுத்து வைத்திருப்பார்.

விளையாடியவர்கள் தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.