அவள் பேர் சொல்லி வந்தவர்கள்

காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்குப் புடவையோடு வேலை முடிவதில்லை. ரவிக்கை தைக்க வேண்டும், முந்தானைக்குக் குச்சு கட்ட வேண்டும், முகூர்த்தத்துக்கு மேக்கப் போட ஆள் வேண்டும். நான் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி அறையில் ஆரி வேலை போட்ட ரவிக்கைகள் தைத்துக்கொண்டிருந்தேன். பெரிய ஜவுளிக்கடைகள் தங்களுக்குள்ளேயே தையல் பிரிவு திறந்த பிறகு, மாடி ஏறி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

எதிர்வீட்டில் இருந்தவள்தான் அந்த யோசனையோடு வந்தாள். பட்டுப்புடவைக்கு முன்கூட்டியே மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, கட்டத் தயாராகப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பது அவள் தொழில். என்னைவிடச் சின்னவள்.

"தனித்தனியா இருந்தா நம்மள யாரும் தேட மாட்டாங்கக்கா. ஒரே நம்பர் குடுப்போம். புடவைய எடுத்துக்கினு வந்தா போதும், மீதி எல்லாம் நாங்க பாத்துக்கறோம்னு சொல்லுவோம்."

நான், அவள், குச்சு கட்டும் பெண், மேக்கப் போடும் பெண், வேன் வைத்திருந்த ஒருவர் என்று ஒன்று சேர்ந்தோம். பொது போன் யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தது. வயதில் மூத்தவள் என்று என்னிடம் தருவார்கள் என நினைத்தேன். வேன்காரர் அவளைக் காட்டி, "இந்தம்மா பேசினா கஸ்டமர் போன வைக்கவே மாட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலை வந்தது. நிறையவே வந்தது. ஆனால் என் அறைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும், "அந்த அக்கா அனுப்பிச்சாங்க" என்று சொல்லிக்கொண்டுதான் நுழைந்தார்கள். அவள் எல்லோருக்கும் அக்கா. நான் டெய்லர். பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து நான் தைத்துக் கொடுத்த பெண் ஒருத்தி, நிச்சயதார்த்த ரவிக்கைக்கு அவளைக் கூப்பிட்டாள். எதிர்வீட்டுக்காரியே வந்து அதை என்னிடம் சொன்னாள்: "உங்க கஸ்டமர்தானாம்க்கா. உங்க நம்பர எங்கியோ தொலைச்சிட்டாளாம், பாவம்." சொல்லிக்கொண்டே எனக்கு வாங்கி வந்த டீயை மேசையில் வைத்தாள். நான் அதைக் குடிக்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "நீயும் சிரிச்சிப் பேசேன், யாரு வேணாங்குறாங்க" என்றார். பேசிப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு கஸ்டமரிடமும் அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நானும் ஒரு பெண்ணிடம், "அம்மாவுக்கு இப்ப பரவாயில்லையாமா?" என்றேன். அந்த அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அப்புறம் அவள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கணுக்காலில் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். போன் என் கைக்கு வந்தது. அவள் விழுந்ததில் எனக்கு வருத்தம் இருந்தது. போன் வந்ததில் சந்தோஷமும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அழைத்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "அக்கா இல்லீங்களா?"

அந்தச் சமயத்தில் திருப்புட்குழிப் பக்கம் ஒரு கல்யாணம். நாங்கள் போவதற்கு முன்பே பெண்ணின் அத்தை, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்து, முகூர்த்தப் புடவையை விரித்துவிட்டிருந்தார். அவள் உட்கார்ந்தபடியே எடுத்து அனுப்பிய மடிப்பு முழுக்கக் கலைந்துவிட்டது. கனமான ஜரிகை. நானும் மேக்கப் பெண்ணும் எத்தனை முறை கட்டினாலும் மடிப்பு நிற்காமல் சரிந்தது. பெண்ணுக்கு அழுகை வரும்போல இருந்தது.

"அந்த அக்காவ வரச் சொல்லுங்களேன்" என்றார் பெண்ணின் அம்மா.

"கால்ல கட்டு போட்டிருக்குதும்மா. வர முடியாது" என்றேன்.

ஆனால் மேக்கப் பெண் தன் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டு, வேனையும் அனுப்பியிருந்தாள். வேன்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அவள் உள்ளே வந்தபோது, மணமகள் அறையே நிம்மதியாக மூச்சு விட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பெண்ணை எதிரில் நிறுத்தினாள். "மெதுவா திரும்புமா. இன்னும் கொஞ்சம். அவ்ளோதான்." அவளால் குனிய முடியாது. "அக்கா, கீழ் மடிப்ப மட்டும் புடிச்சிக்கோங்க. உங்க விரலுக்குத்தான் நிக்கும்" என்றாள். நான் தரையில் முட்டி போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

போட்டோகிராபர் எடுத்த படத்தை அப்புறம் பார்த்தேன். பெண்ணும் அவளும் எதற்கோ சிரிக்கிறார்கள். புடவையின் கரையோரம் ஒரு கை தெரிகிறது. அது என்னுடையது.

எல்லாம் முடிந்ததும் பெண்ணின் அம்மா என்னிடம், "நீங்க அந்தக்காகிட்ட வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "இல்லமா, உங்க பொண்ணு போட்டுக்கினு இருக்கற ரவிக்கையே இவங்க தச்சதுதான். நாங்க எல்லாரும் சேந்து செய்றோம்." அந்த அம்மா, "அப்படிங்களா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கேள்வியைவிட, எனக்காக அவள் பதில் சொன்னதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

திரும்பும்போது வேனில் சீட்டின்மேல் காலை நீட்டிக்கொண்டு வந்தாள். அவள் கால் சரியானாலும் போன் ஆளுக்கொரு மாதம் இருக்கட்டும் என்று சொல்ல மனசுக்குள் பெரிய வாதமே தயார் செய்துவைத்திருந்தேன். முதல் வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

"வச்சிக்கோங்கக்கா" என்றாள். "நிம்மதியா சாப்புடக்கூட விடமாட்டேங்கறாங்க." பிறகு கண்ணை மூடித் தூங்கிவிட்டாள். அவ்வளவு சுலபமாக ஒன்றை விட்டுக்கொடுக்க எனக்கு வராது. அதற்கும் சேர்த்து அவள்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

அவள் கால் குணமாகிவிட்டது. மருதாணி போடும் பெண் ஒருத்தியும் எங்களோடு சேர்ந்திருக்கிறாள். போன் முறை வைத்துத்தான் சுற்றுகிறது. போன மாதம் என் முறை. ஆரணியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். நான் ஹலோ சொன்னதும், "என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்குதே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கறேன்மா, சொல்லுங்க" என்றேன்.