மூன்று மணிக் கச்சேரி

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்காவின் கச்சேரி மூன்று மணிக்கு; அவள் முன்பே போய்விட்டாள். இரண்டரைக்கு அப்பா ஆற அமரச் சவரம் செய்துகொண்டிருந்தார். நாங்கள் இருந்த ட்ருகனினாவிலிருந்து அந்த மண்டபத்துக்கு நகரத்தையே கடந்து போக வேண்டும். பாலத்தில் நெரிசல் என்றால் கேட்கவே வேண்டாம். எட்டு வயதான எனக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. வீட்டில் வேறு யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

குளியலறைக்கும் வாசலுக்குமாக நான் நடையாய் நடந்தேன். சப்பாத்தை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மூண்டு மணி எண்டால் நாலு மணிக்குத்தான் விளக்கே ஏத்துவினம். அதுக்குப் பிறகு வரவேற்புரை. பிரதம விருந்தினர் வந்துசேர அஞ்சாகும். சும்மா துடியாதை பிள்ளை."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. மெல்பேர்னில் அவர் போன அரங்கேற்றங்கள் எல்லாம் அப்படித்தான் நடந்தன. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கதிரை அடுக்கும் வேலைதான் கிடைத்தது. ஒரு முறை அதில் மாட்டிக்கொண்ட அப்பா, பிறகு எந்த அழைப்பிதழைக் கண்டாலும் மனதுக்குள் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்வார்.

உண்மையில் அவர் புறப்பட்டதே பெரிய காரியம். அக்கா சின்ன வயதிலிருந்து கர்நாடக வயலின் படித்தவள். சனிக்கிழமைதோறும் அப்பாதான் அவளை மல்கிரேவில் இருந்த ஆசிரியை வீட்டுக்குக் கூட்டிப்போவார். வகுப்பு முடியும்வரை வெளியே காருக்குள் இருந்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்பார். குளிரானாலும் அந்த ஜன்னல் இறங்கியேதான் இருக்கும். அரங்கேற்றத்துக்கு மண்டபம்கூடப் பார்த்துவைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா பள்ளித் தோழி ஒருத்தியோடு போய், ஐரிஷ், ஸ்கொட்டிஷ் நாட்டுப்புற இசைக்காரர்களோடு சேர்ந்துகொண்டாள். அரங்கேற்றம் வேண்டாம், இதுதான் வேண்டும் என்றாள்.

வயலினைத் தாடைக்குக் கீழே செருகி, நின்றுகொண்டு வாசிக்கவும் தொடங்கினாள். அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. சம்மணமிட்டு இருந்து மரியாதையாக வாசிக்க வேண்டியதை, ரயில் நிலையத்தில் தொப்பி வைத்துக் காசுக்கு வாசிப்பவர்கள் மாதிரிப் பிடிக்கிறாளே என்று அம்மாவிடம் புலம்பினார். அக்காவோடு மற்ற எல்லாம் கதைப்பார். வயலினைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். அவள் அறைக்குள் வாசிக்கத் தொடங்கினால், இவர் புல்வெட்டும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். அந்த வருடம் எங்கள் தெருவிலேயே மிகவும் குட்டையான புல் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அந்த ஞாயிறு அக்கா முதன்முதலாகத் தனியாக மேடையில் நின்று வாசிக்கப்போகிறாள். நிகழ்ச்சியே அவளுடைய வாசிப்போடுதான் தொடங்கும் என்றாள்.

"ஒருக்கா வந்து கேளுங்கோ அப்பா. பிடிக்காட்டி இனி வரச்சொல்லிக் கேக்கவே மாட்டன்."

"பாப்பம்," என்றார் அப்பா. எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பொருள். ஆனால் ஞாயிறு காலை தன் சட்டையைத் தானே அயர்ன் பண்ணினார்.

வழி முழுவதும் நான் முன் இருக்கையின் முதுகை உதைத்துக்கொண்டே வந்தேன். அம்மா இரண்டு தரம் திரும்பி முறைத்தாள். பாலத்தில் நினைத்தபடியே நெரிசல். நாங்கள் போய் இறங்கும்போது நான்கு மணி ஆகிவிட்டது.

அது பழைய மரக் கட்டடம். ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்ததாம். இப்போது அயலவர்கள் சேர்ந்து கலைக்கூடமாக நடத்துகிறார்கள். உள்ளே ஐம்பது அறுபது கதிரைகள் இருக்கும். கம்பளிச் சட்டை போட்டவர்கள் தேநீர்க் கோப்பையும் கேக் துண்டுமாக நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே அம்மாவின் காஞ்சிபுரச் சேலை கண்ணைப் பறித்தது.

"பாத்தியே, இன்னும் தொடங்கேல்லை," என்றார் அப்பா.

வாசலில் ஒட்டியிருந்த தாளை நான் வாசித்துவிட்டேன். "இது இன்டர்வெல் அப்பா. அரைவாசி முடிஞ்சுது."

அப்பா தாளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா வாசித்து முடித்திருப்பாள், நாங்கள் யாருமே கேட்கவில்லை!

அதற்குள் அக்கா எங்களைக் கண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் வாய் திறக்க முதல் அப்பா முந்திக்கொண்டார்.

"நாங்கள் பின்னுக்கு நிண்டு கேட்டனாங்கள். நல்லா வாசிச்சாய் பிள்ளை. உண்மையா, நல்லா வாசிச்சாய்."

அம்மா அவசரமாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அக்கா அப்பாவை ஒரு கணம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "தாங்ஸ் அப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பல் விளக்கினேன் என்று நான் சும்மா சொன்னாலே பிடித்துவிடுகிறவள், இவ்வளவு பெரிய பொய்யை நம்பிவிட்டாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

மணியடித்ததும் எல்லோரும் கதிரைகளில் போய் இருந்தோம். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் மேடைக்கு வந்து ஆங்கிலத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினார். இன்று முதலில் வாசிக்க வேண்டியவர், தன் வீட்டார் வந்துசேராமல் வில்லைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டார். அதனால்தான் நிகழ்ச்சியை மாற்றினோம். இப்போது அவர்கள் வந்துவிட்டார்களாம் என்றார். மண்டபம் முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்துக் கைதட்டியது. சேலை கட்டியவர் ஒருவர்தான் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். அப்பா கூட்டத்தைப் பார்த்து ஒரு கையைப் பாதி உயர்த்தி, பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார்.

அக்கா வந்து நின்றாள். மெதுவான மெட்டு ஒன்று. கடலுக்குப் போனவர்களை நினைத்து வாசிப்பது என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். நாள் முழுவதும் ஓயாமல் ஆடிய என் கால்கள் அப்போதுதான் ஓய்ந்தன. அக்கா அவ்வளவு அழகாக வாசிப்பாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவளுடைய வாசிப்பைப் புல்வெட்டும் இயந்திரத்தோடு சேர்த்துத்தானே கேட்டிருக்கிறேன். விளம்பரத்துக்கு வரும் பாட்டுக்குக்கூடத் தாளம் போடும் அப்பாவின் விரல்கள் அசையவேயில்லை. எல்லோரும் எழுந்து கைதட்டியபோதும் அவர் குனிந்தபடியே இருந்தார். பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

எல்லாம் முடிந்து அக்கா வயலின் பெட்டியோடு வந்து அவர் முன்னால் நின்றாள். அப்பா வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியதை எல்லாம்தான் தேநீர் நேரத்திலேயே சொல்லித் தீர்த்துவிட்டாரே. அவர் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

இனி வயலினும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்பா கையில் வாங்கிய எதுவும் எங்களிடம் திரும்பி வந்ததில்லை. என் ஐபேட் அப்போதும் அவருடைய அலுமாரிக்கு மேலேதான் கிடந்தது.

காரில் அம்மாவைப் பின்னால் எங்களோடு ஏறச் சொன்னார். முன் இருக்கையில் வயலினை வைத்து, பெல்ற்றைச் சுற்றிப் பூட்டி, ஒருமுறை இழுத்தும் பார்த்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துக் காதுக்குள் சொன்னேன். "அழாதை அக்கா. நான் வளந்து வேலைக்குப் போய் உனக்கு வேற வயலின் வாங்கித் தருவன்."

அக்கா அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். வயலின் பறிபோனதற்கு யாராவது சிரிப்பார்களா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.