கன்னத்தில் கைவைத்த சூசையப்பர்

1986 ஆகஸ்ட், சனிக்கிழமை. ஆக்லாந்தில் அது குளிர்காலம். புறநகரான மங்கரேயிலிருந்து யோகநாதனின் காரில் காலையிலேயே நகரத்துக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், வழியெல்லாம் தூறல். நான் விருந்தினராகத் தங்கியிருந்தது யோகநாதனின் வீட்டில்; என் நண்பரின் தம்பி, யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு தனியாக வந்து, விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலையில் சேர்ந்தவர். அவர் புறப்பட்டபோது கருவுற்றிருந்த மனைவி மலர், இரண்டரை வயது மகளோடு முந்தின மாதம்தான் வந்து சேர்ந்தார். குழந்தை தகப்பனை முதன்முதலில் பார்த்ததே இங்கேதான். முன்னிருக்கையில் அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். பின்னிருக்கையில் மகள் தாயோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நகரத்துக் கலைக்கூடத்துக்கு ஐரோப்பாவிலிருந்து மறுமலர்ச்சிக்காலச் சமய ஓவியங்கள் வந்திருந்தன. மதுரையில் ஓவிய வரலாறு கற்பிக்கும் எனக்கு அவை அச்சுப்படங்களில் மட்டுமே பழக்கம். இயேசு பிறப்பைக் காட்டும் ஒரு மரப்பலகை ஓவியத்தின் முன் நின்றோம். மாதாவின் நீல உடையில் மெல்லிய வெடிப்புகள். நடுவில் குழந்தை, சுற்றிலும் வானதூதர்கள். மாதாவின் கணவர் சூசையப்பர் மட்டும் வலது ஓரத்தில், கன்னத்தில் கைவைத்து, எல்லோரிடமிருந்தும் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

“இந்த மனுசன் ஏன் அண்ணை ஒதுங்கி இருக்கிறார்?” என்று யோகநாதன் கேட்டார்.

“அந்தக் காலத்துல நிறையப் பேர் அவரை இப்படித்தான் வரைஞ்சாங்க. பிள்ளை தன்னோடதில்லையேன்னு மனசுல சந்தேகம்னு சிலர் சொல்லுவாங்க, யோசனைன்னு சிலர்.”

அவர் வெகுநேரம் பார்த்தார். “சந்தேகமில்லை. கிட்டப் போனா பிள்ளை அழும் எண்ட பயம்.”

மலர் குழந்தையோடு பின்னால் நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். “நாங்கள் வந்தது உங்களுக்குப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நான் நினைச்சன்,” என்றார். குரலை உயர்த்தவில்லை.

“எனக்கோ?”

“ஓம். வேலையால வந்தும் வெளியிலதானே நிக்கிறியள். வந்த நாளிலயிருந்து வடிவாக் கதைக்கவும் இல்லை.”

“அவள் என்னைக் கண்டாலே உன்ர சீலைக்குள்ள ஒளிக்கிறாள். வேறை என்ன செய்ய?”

நான் அடுத்த ஓவியத்துக்கு நகர்ந்தேன். அதில் என்ன இருந்தது என்று இப்போது நினைவில்லை.

ஞாயிறு மதியம் என்னை வழியனுப்ப மூவரும் விமான நிலையத்துக்கு வந்தார்கள். காரிலேயே குழந்தை தூங்கிவிட்டாள். இறங்கியதும் மலர் அவளைத் தூக்கி, கணவரின் தோளில் சாய்த்தார். பெட்டியை நானே எடுத்துக்கொண்டேன். யோகநாதன் அடிமேல் அடி வைத்து நடந்தார். முன்னால் போய்விட்ட நான் வாசலில் காத்து நின்றேன்.

“எழும்பினா அழுவாள்,” என்றார் மெதுவாக.

“அழுதா அழட்டும். வைச்சிருங்கோ,” என்றார் மலர்.

சோதனை முடிந்து உள்ளே போகுமுன் திரும்பிப் பார்த்தேன். குழந்தை விழித்திருந்தாள். கண்ணாடிக்கு இப்பால் சத்தம் கேட்கவில்லை. அழும் வாய் மட்டும் தெரிந்தது. அவர் அவளை இறக்கிவிடவில்லை. மலரும் கை நீட்டவில்லை.