எந்த டேங்க், எந்த ஆர்டர்: உத்திரமேரூரிலிருந்து ஒரகடம்

பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையில் ஒரகடத்துக்குச் சுற்றுலா போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வெல்டரான என் அண்ணன் சேகருக்கு அங்கே இன்டர்வியூ. லாரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்று ‘டேங்க் வெல்டர் தேவை’ என்று எங்கள் பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அண்ணன் உத்திரமேரூர் பட்டறையில் இரண்டு வருடமாகத் தண்ணீர் டேங்க்தான் பற்றவைக்கிறான். இன்று லீவு போட்டால் நாளை வரவே வேண்டாம் என்று பட்டறை முதலாளி சொல்லியிருந்தார். போட்டான்.

காலை ஆறரைக்குப் பஸ். வாலாஜாபாத் வரை டிக்கெட் ஏழு ரூபாய். பெயர்தான் எக்ஸ்பிரஸ், சாலையைக் கடந்த ஆட்டுக்கெல்லாம் நின்று வழிவிட்டது. அங்கே நாஷ்டா முடித்து, வேறு பஸ் பிடித்து, கம்பெனி வாசலை அடைய ஒன்பதரை.

“இன்னா நைனா, லாரி சைடா, மிலிட்டரி சைடா?” என்றார் செக்யூரிட்டி. எங்களுக்குப் புரியவில்லை. உள்ளே போனதும் புரிந்தது.

“எந்த டேங்க்ல வேலை பார்த்திருக்கே?” என்று அதிகாரி கேட்டார்.

“ஆயிரம் லிட்டர் சார்.”

அறையே சிரித்தது. அவர்கள் கேட்டது பீரங்கி வைத்த டேங்க். மிலிட்டரி சாமானைத் தனியாரும் செய்யலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டதாம். லாரி வேலைக்குக் கட்டிய புது ஷெட்டை இவர்கள் அதற்கு ஒதுக்கிவிட்டார்கள். அதனால் லாரி பக்கம் ஆள் எடுப்பதில்லை.

ஆனாலும் இரும்புத்தகடு கொடுத்துப் பற்றவைக்கச் சொன்னார்கள். அண்ணன் தேறிவிட்டான். வேலைக்கான ஆர்டர் எப்போது என்று கேட்டான். டேங்க் செய்து தரச்சொல்லி டெல்லியிலிருந்து ஆர்டர் வந்ததும் என்றார்கள். அந்த ஆர்டர் வந்தால்தான் இந்த ஆர்டர். அதற்குள் போலீஸ் சர்டிபிகேட் வேறு வாங்கி வைக்க வேண்டும். ஆர்டருக்கு ஆர்டர் போட யாருமில்லாத நாடு இது.

பேஜாராகித் திரும்பும்போது செக்யூரிட்டி கூப்பிட்டார். கேன்டீன் மாடியில் தண்ணீர் டேங்க் ஒழுகுகிறதாம். அண்ணன் சாயங்காலம் வரை அதைப் பற்றவைத்தான். கூலியும் கேன்டீன் சாப்பாடும் கிடைத்தன. மறுநாள் பட்டறையில் அவன் இடத்தில் வேறு ஆள்.

ஒரகடம் பக்கம் வேலை தேடிப் போகிறவர்களே, வாசலிலேயே கேளுங்கள்: லாரியா, மிலிட்டரியா? ஆர்டர் வந்துவிட்டதா? பதில் கிடைக்கும்வரை இருக்கிற வேலையை விடாதீர்கள்.

மூன்று மாதமாகிறது, டெல்லி இன்னும் வாய் திறக்கவில்லை. டிஃபென்ஸ் கம்பெனியில் டேங்க் வேலை பார்த்தாயாமே என்று ஊரில் யார் கேட்டாலும் அண்ணன் மறுப்பதில்லை.

“ஆமா, ஒரு நாள். இன்னிக்கி வரிக்கும் ஒயுவல.”