கோட்டைக்கு நூற்றுப் பதினாறு படி

என் மகனுக்கும் எனக்கும் ஒரு பந்தயம். பிரிக்பீல்ட்ஸில் என் வீடு நான்காவது மாடியில், லிஃப்ட் கிடையாது. வலது முட்டியில் மாற்று அறுவை சிகிச்சை முடிந்த நாளிலிருந்து, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லி அவன் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். நான் அசையவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். நடுக்கடலில் ஒரு தீவு, தீவு முழுக்கத் தேசியப் பூங்கா, உச்சியில் டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டை.

"நூத்திப் பதினாறு படியாம். இத ஏறிட்டீங்கன்னா வீட்டப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"ஏறலன்னா?"

"வித்துடலாம்மா."

சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.

சனிக்கிழமை ஒன்பதரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். கிள்ளானில் இருக்கும் என் அக்காவிடம் போனில் சொன்னதும் பதறிப்போனாள். "சனிக்கிழமை ஒன்பதரை ராகு காலம்லா! மொத நாளே நல்ல நேரம் பாத்து பரஸ்தானம் வெச்சிடு." பயணப்பையை முன்கூட்டியே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், நாமே அந்த நல்ல நேரத்தில் கிளம்பிவிட்ட மாதிரி. எங்கள் குடும்பத்தில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாளிடம் பையைக் கொடுத்தேன். முட்டிக்குப் போடும் பட்டை, மடக்கு ஊன்றுகோல், புதுச் சப்பாத்து எல்லாம் அதற்குள்தான்.

காலையில் பார்த்தால் எதிர்வீட்டில் பூட்டு தொங்குகிறது. போன் செய்தேன். "ஐயோ அக்கா, மறந்தே போச்சு! மகளுக்கு வலி வந்துடுச்சுன்னு விடியக்காலையிலேயே சிரம்பானுக்கு ஓடி வந்துட்டேன்" என்றாள். பிரசவத்துக்குப் போனவளை என்ன திட்டுவது?

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "பை கெளம்பிடுச்சு, ஆளுதான் கெளம்பல. அடுத்த மாசம் பாத்துக்கலாமா?"

அவன் முகத்தில் வீடு விற்றுவிட்ட களை தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காரை எடு" என்றேன். காலில் வீட்டுச் சிலிப்பர்தான்.

நாலு மணி நேரம் கார், ஒன்றரை மணி நேரம் படகு. அன்று பூங்கா விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் கோட்டைப் படியில் கால் வைத்தேன். கருங்கல் படி, மேலே பாசி. பத்தாவது படியிலேயே சிலிப்பர் வழுக்கிக் கைப்பிடியில் தொங்கினேன்.

"வேணாம்மா. விழுந்துடுவீங்க. ஒத்துக்கோங்க, போயிடலாம்."

சிலிப்பரைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். வெறும் பாதம் கல்லில் பட்டதும் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இருபது தைப்பூசத்துக்குப் பால்குடம் சுமந்து பத்துமலையின் இருநூற்று எழுபத்திரண்டு படியை ஏறிய பாதம் இது. முட்டிதான் புதுசு. அங்கே ஏறுகிற மாதிரியே சற்றுக் குறுக்காக, படிக்கு ஒரு மூச்சு என்று வைத்து ஏறினேன். வாய் தானாக "வேல் வேல்" என்றது. இறங்கி வந்த சீனர் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டு, "ஆன்டி, குவாட் லா!" என்று கட்டைவிரலை உயர்த்தினார். பலசாலி என்று ஊரே அறியச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. எழுபதாவது படியில் முட்டி சுரீர் என்றது. உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், எழுந்தேன்.

நூற்றுப் பதினாறு!

கூரை போன செங்கல் சுவர், துருப்பிடித்த ஒரு பீரங்கி, நாலு பக்கமும் கடல். பீரங்கியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அறுபத்து மூன்று வயதில் அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. விலை உயர்ந்த சப்பாத்து போட்டிருந்த மகன் இருபது படி பின்னால், மூச்சு வாங்க வந்து தரையில் உட்கார்ந்தான்.

"ஜெயிச்சிட்டீங்கம்மா. வீட்டப் பத்தி இனிமே பேசல."

இறங்குவதுதான் முட்டிக்குக் கஷ்டம். இத்தனை மாதமாக அவன் கை நீட்டும்போதெல்லாம் தட்டிவிட்டவள் நான். பிடித்துக்கொண்டால் தோற்றதாக ஆகிவிடுமோ என்று பயம். இப்போது என்ன பயம்? "தோளைக் கொடுடா" என்றேன். முழு பாரத்தையும் அவன்மேல் போட்டு, ராணி மாதிரி இறங்கினேன்.