சித்தப்பா கண்டுபிடித்த கல்வட்டம்

எங்கள் சித்தப்பா பொய் சொல்லும்போது மூக்கைச் சொறிவார். அந்தக் கோடையில், நாங்கள் அகதிகளாக வந்து குடியிருந்த மொன்ட்ரியால்-நோர் வீட்டுச் சமையலறையில் நின்று, இந்த ஊரிலும் ஒரு கல்வட்டம் இருக்கிறது, ஆயிரக்கணக்கான வருடப் பழசு என்று அவர் அறிவித்தபோதும் மூக்கைச் சொறிந்துகொண்டுதான் நின்றார். எனக்கு ஏழு வயது. நம்பவேண்டும் போல இருந்ததால் நான் மூக்கைக் கவனிக்கவில்லை.

கல்வட்டப் பைத்தியம் எனக்குப் பிடித்தது பெரியம்மா அனுப்பிய ஒரு படத்தால். அம்மாவின் ஒரே அக்கா அவர், இங்கிலாந்தில் இருந்தார். மரமே இல்லாத ஒரு மேட்டுவெளியில் ஆளுயரக் கற்கள் வட்டமாக நிற்க, நடுவில் பெரியம்மா சால்வையை இழுத்துப் போர்த்தியபடி சிரித்தார். கோடை விடுமுறைக்கு நாங்கள் அங்கே போவதாக இருந்தது. பெரியம்மாவுக்குப் புற்றுநோய், ஆள் இளைத்துப்போய்விட்டார் என்று பெரியவர்கள் குரலைத் தணித்துப் பேசினார்கள். அம்மாவுக்கு அக்காவைப் பார்க்கவேண்டும், எனக்குக் கற்களைப் பார்க்கவேண்டும். எங்கள் அகதி வழக்கோ முடியாமல் இழுபட்டது. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது என்று வழக்கறிஞர் கையை விரித்துவிட்டார். நான் வீடே அதிர அழுதேன். அம்மா அழவில்லை. கழுவிய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னையும் அம்மாவையும் காரில் ஏற்றினார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையையும் சோள வயல்களையும் தாண்டி, அவர் லொறியில் பெட்டி ஏற்றப் போகிற புளூபெரித் தோட்டம் ஒன்றின் பின்பக்கம் கார் நின்றது. பற்றைகள் மட்டும் வளர்ந்த தரிசு, மேலே தூறல். அங்கே உண்மையாகவே கற்கள் வட்டமாக நின்றன. இருந்ததிலேயே பெரிய கல் என் நெஞ்சளவு வந்தது.

படத்தில் இவ்வளவு சின்னதாக இல்லையே என்று கேட்டேன்.

“படத்தில எல்லாரும் உயரம்தான், பிள்ளை” என்றார் சித்தப்பா.

ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு ஓடினேன். ஒன்றின் அடியில் மண் புதிதாக இருந்தது, அதில் ஒரு மண்புழு நெளிந்தது. சித்தப்பாவின் உள்ளங்கையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஏழு வயதுக்கு அது போதும். கோபத்தோடு அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன்.

அம்மா செருப்பை வட்டத்துக்கு வெளியே கழற்றி வைத்திருந்தார். நாங்கள் விட்டுவந்த ஊரில் மரத்தடியில் நிமிர்ந்து நிற்கிற கல் என்றால் அது வைரவர் சாமி. செருப்போடு யாரும் கிட்டப் போகமாட்டார்கள். பெரிய கல்லின் முன்னால், ஈரப் புல்லில் வெறுங்காலோடு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது. அவ்வளவு நேரமும் இளித்துக்கொண்டிருந்த சித்தப்பா மெல்லத் தன் சப்பாத்தைக் கழற்றினார். அவருடைய சொக்ஸில் ஓட்டை.

அம்மாவை நினைக்க எனக்குப் பாவமாகிவிட்டது. சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இது நீங்கள் நட்டதெண்டு எனக்குத் தெரியும். அம்மாட்டச் சொல்லாதேங்கோ. அவ உண்மையெண்டு நம்பிட்டா.”

“ஓம் பிள்ளை, சொல்லமாட்டன்.” மூக்கைச் சொறியாமல்தான் சொன்னார்.

பெரிய மனுஷி போல அந்த ரகசியத்தைக் காத்தேன். பெரியம்மா பனி கொட்டுமுன் போய்விட்டார். அம்மா அதைத் தொலைபேசியில்தான் கேட்டார்.

என் கல்யாணத்துக்கு முதல்நாள், சித்தப்பா பூமாலை கட்டியபடி மீதியைச் சொன்னார். அந்தக் கற்கள் தோட்டக்காரர் நிலத்திலிருந்து கிளறி எறிந்தவை. நாங்கள் அங்கே போனதற்கு முந்திய ஞாயிறு அவற்றை நட்டபோது மறுபக்கம் பிடித்தது அம்மாதான். பெரிய கல்லுக்குக் குழி தோண்டியதும் அவர்தான்.

தன் கையால் நிமிர்த்திய கல் என்று தெரிந்துகொண்டேதான் அம்மா அதனிடம் அக்காவின் உயிரைக் கேட்டிருக்கிறார். கேட்பதற்கு வேறு யாரும் அவருக்கு மிச்சமிருக்கவில்லை என்பது, அவர் ஏமாந்துவிட்டார் என்று இரங்கிய எனக்கு அன்று தெரியவில்லை.