அக்காவின் புடவையில் கிழித்த கொடி

விடுமுறை நாட்களில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றால், எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் சிரிப்பார்கள். அக்கா வீட்டுக்காரரின் ஃபைபர் படகு கடலிலிருந்து திரும்பாத அன்று யாரும் சிரிக்கவில்லை.

"மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியும்னு சொல்வியே தம்பி, போய்ப் பாரேன்" என்றாள் அக்கா.

பயிற்சியாளர் மறுக்காமல் என்னோடு ஏறினார். கடலுக்கு மேல் வெகுநேரம் தேடிய பிறகு, நீரில் ஒரு மஞ்சள் கொடி தெரிந்தது. தங்கள் வலை எதுவென்று தெரிய எங்கள் ஆட்கள் மிதவையில் துணி கட்டுவார்கள். தாழப் பறந்தோம். சிவப்புக் கரை போட்ட அக்காவின் பழைய புடவைதான். எனக்குச் சரியாக வராத வட்டமடிப்பு, அந்தக் கொடியைச் சுற்றித்தான் முதல்முறை ஒழுங்காக வந்தது.

திரும்பி வந்து, "உன் புடவைக் கொடியப் பாத்தேன்க்கா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "வல அங்க கீதுன்னா அவரும் அங்கதான் இருப்பாரு. வலைய வுட்டுட்டு எங்க போவாரு?" என்றவள், அவருக்கும் சேர்த்து உலை வைக்கப் போனாள்.

மேலிருந்து பார்த்தால் உண்மையிலேயே நெடுந்தூரம் தெரிகிறது. அந்தக் கொடியைச் சுற்றி அவ்வளவு தூரத்துக்கும் வெறும் தண்ணீர்தான் என்பதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.